சுவர் அட்டைக்கு நாட்டின் கணக்கு: எந்த எண்ணைப் போடுவது?

சாட்ஸ்வொர்த் டீச்சர் | சனி, 17 ஆகஸ்ட் 2024, காலை 11.40

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் செப்டம்பர் 24 மரபு நாளுக்கு, இங்கே டர்பனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பெரிய சுவர் அட்டை செய்கிறார்கள். தலைப்பு: ‘நமது நாடு: மக்கள், அரசு, பொருளாதாரம்’. முழுவதும் தமிழில். அலமாரிக்குப் பின்னால் பழைய அட்டை ஒன்று கிடைத்தது. அதில் மக்கள் தொகை 51.8 மில்லியன், ஆட்சி மொழிகள் 11, முக்கியத் தொழில் தங்கச் சுரங்கம் என்று இருக்கிறது. கரையான் அரித்த ஓரம் போக மீதி இடத்தையும் காலம் அரித்துவிட்டது.

நான் இதுவரை எழுதி வைத்திருப்பது: பரப்பளவு 12,19,090 சதுர கிலோமீட்டர். மாகாணங்கள் 9. மக்கள் தொகை 62 மில்லியன் (2022 கணக்கெடுப்பு). ஆட்சி மொழிகள் 12, சென்ற ஆண்டு சைகை மொழி சேர்ந்துவிட்டது. தலைநகரங்கள் 3. மொத்த உற்பத்தி ஆண்டுக்கு ஏறக்குறைய 7 டிரில்லியன் ராண்ட். வேலையின்மை 33.5%, இது இந்த வாரம் வந்த கணக்கு. இந்தியர்/ஆசியர் 2.7%. தமிழர்: ______.

அந்தக் கடைசிக் கோட்டில் என்ன எழுதுவது? இன்னொரு கேள்வி: லட்சம், கோடி என்று எழுதட்டுமா, மில்லியன் என்றே விடட்டுமா? ‘கோடி’ என்றதும் ஒரு பையன் “டீச்சர், மூலையா?” என்று கேட்டான். கோடியில் என்றால் மூலையில் என்று போன வாரம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பன்னிச்சாவ் பிரியன் | சனி, 12.05

டீச்சர், மூன்று தலைநகர் என்று போடுங்கள், ஆனால் தயாராக இருங்கள். நிர்வாகம் பிரிட்டோரியா, நாடாளுமன்றம் கேப்டவுன், மேல்முறையீட்டு நீதிமன்றம் புளூம்ஃபொன்டெயின். அரசியல் சாசன நீதிமன்றமோ ஜோகன்னஸ்பர்க்கில் உட்கார்ந்திருக்கிறது. என் மகன் இதைக் கேட்டுவிட்டு, “அப்போ டர்பனுக்கு ஒன்றும் இல்லையா?” என்றான். துறைமுகம் இருக்கிறதே கண்ணா என்றேன். சமாதானமாகவில்லை.

மிட்ராண்ட் கணக்குப்பிள்ளை | சனி, பிற்பகல் 2.18

டீச்சர், 62 மில்லியன் என்ற எண்ணை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். நான் பிழைப்புக்கு இந்த மாதிரி எண்களோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

2022 கணக்கெடுப்பு தொடங்கியது பிப்ரவரி 2 இரவு. முதல்முறையாகக் கையடக்கக் கணினியில் எடுத்தார்கள், இணையத்திலேயே நிரப்பவும் வழி இருந்தது. கொரோனா முழுதாக ஓயவில்லை. சில வாரத்தில் முடிய வேண்டியது மே மாதம் வரை இழுத்தது. 2023 அக்டோபரில் முடிவு வந்தபோது 62.03 மில்லியன் என்றார்கள். எல்லோரும் அதைத்தான் எழுதினோம். அதே அறிக்கையின் உள்ளே இன்னொரு எண் இருந்தது: விடுபட்டவர்கள் 31%.

அதாவது நூறு பேர் இருக்கும் இடத்தில் 69 பேரிடம்தான் உண்மையில் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 19 மில்லியன் பேர், இந்தியக் கணக்கில் 1.9 கோடி, மதிப்பீட்டால் சேர்க்கப்பட்டவர்கள். பொய்க் கணக்கு என்று நான் சொல்லவில்லை. முறை இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்ததும் சில பகுதிகளைப் பொறுக்கி எடுத்து மறுபடி வீடு வீடாகப் போவார்கள். முதல் சுற்றில் யார் விட்டுப்போனார்கள் என்று ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டு, அந்த விகிதத்தைக் கொண்டு மொத்தத்தைத் தூக்கி நிறுத்துவார்கள். அன்னதானத்தில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று விழுந்த இலையை எண்ணி, கையில் தட்டோடு போனவர்களைக் குத்துமதிப்பாகச் சேர்ப்போமே, அந்த மாதிரி. இலை அதிகமாகவும் தட்டு கொஞ்சமாகவும் இருந்தால் கவலை இல்லை. இங்கே பந்தியில் மூன்றில் ஒரு பங்கு தட்டு.

1996இல் விடுபட்டது 11% அளவு. 2011இல் 14.6%. இப்போது 31. கேப்டவுன் பல்கலைக்கழக மக்கள்தொகை ஆய்வாளர்கள் இந்த முடிவுகளைக் கவனத்தோடு பயன்படுத்தச் சொல்லி வெளிப்படையாகவே எழுதினார்கள். அதிலும் உங்கள் அட்டையின் ‘இந்தியர்/ஆசியர்’ வரிதான் மோசம். அந்தப் பிரிவில் விடுபட்டவர்கள் பாதிக்கும் மேல்.

லெனேசியா அக்கா | சனி, 2.40

பாதிக்கும் மேலா? நம்ம ஆட்களா?

மாரிட்ஸ்பர்க் தாத்தா | சனி, 3.15

நம்ம ஆட்கள்தான் அம்மா. நானே சாட்சி. 2022இல் கணக்கெடுக்கும் பெண் பிள்ளை எங்கள் வாசலில் வந்து மணியடித்தாள். மின்வேலி, இரட்டைப் பூட்டு, உள்ளே இரண்டு நாய். அந்தப் பகுதியில் அந்த மாதம் இரண்டு திருட்டு நடந்திருந்தது. என் மருமகள் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுத் திறக்காதீர்கள் மாமா என்றாள். நானும் திறக்கவில்லை. அவள் மழையில் நின்றுவிட்டுப் போனாள். இன்றுவரை அது உறுத்துகிறது. கணக்கில் நம்மைச் சேர்க்கவில்லை என்று கோயிலில் உட்கார்ந்து குறை பேசும்போது என் வாயை நானே பொத்திக்கொள்கிறேன்.

கேப்டவுன் மச்சான் | சனி, 3.52

ஓம் ஐயா, இஞ்சயும் அதே கதைதான். காசுள்ள ஆக்களின்ர சுவர் உயரம், எண்ணுற ஆள் உள்ள போகேலாது. வெள்ளை ஆக்களிலயும் விடுபட்டது நல்லாக் கூடவாம். ஏழைப்பட்டவனை எண்ணுறது கஷ்டம் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். இந்த நாட்டில எல்லாம் தலைகீழ்.

சேலம் குமார் | சனி, 4.30

புதுசா வந்திருக்கேன், ஒரு கேள்வி. நவம்பர்ல ஜோகன்னஸ்பர்க் வேலைக்கு வரப்போறேன். டீச்சர் சொன்ன 7 டிரில்லியனை 62 மில்லியனால வகுத்தா ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சத்துப் பதிமூணாயிரம் ராண்ட் வருது. மாசம் ஒன்பதாயிரத்து சொச்சம். இதுதான் அங்க சராசரிச் சம்பளமா?

மிட்ராண்ட் கணக்குப்பிள்ளை | சனி, 5.02

இல்லை தம்பி. இந்த வகுத்தலைச் செய்யாதவர் கிடையாது, எல்லோரும் தடுக்கி விழும் இடமும் இதுதான். அது நாடு முழுதும் ஒரு வருஷத்தில் உண்டான பொருள், சேவை இவற்றின் மதிப்பைத் தலைக்கு வகுத்தது. பிறந்த குழந்தைக்கும் ஒரு பங்கு, கம்பெனியின் லாபத்துக்கும் அதில் பங்கு.

நிஜத்தில் கையில் என்ன வருகிறது என்று பார்க்க மூன்று எண் போதும். குறைந்தபட்சக் கூலி மணிக்கு 27.58 ராண்ட், இந்த 2024 மார்ச்சிலிருந்து. வாரம் 45 மணி நேரம் உழைத்தால் மாதம் 5,400க்குச் சற்றுக் குறைவு. முதியோர் உதவித்தொகை 2,180. குழந்தை உதவித்தொகை 530. கொரோனாவில் தொடங்கிய துயர் நிவாரணம் 370, ஏப்ரல் வரை அது 350தான். எல்லாவற்றையும் சேர்த்தால் உதவித்தொகை பெறுவோர் 25 மில்லியனுக்கும் மேல். வேலையில் இருப்பவர்களோ 16.7 மில்லியன். உதவி வாங்குபவர் உழைப்பவரைவிட அதிகம். அட்டையில் ஒரே ஒரு பொருளாதார வரிதான் போட முடியும் என்றால் நான் இதைத்தான் போடுவேன்.

சராசரி என்பது இந்த ஊரில் பணக்காரச் சாண்டனுக்கும் ஏழை அலெக்ஸாண்ட்ராவுக்கும் நடுவே ஓடும் எம்1 நெடுஞ்சாலை மாதிரி. அதன் மேல் யாரும் குடியிருப்பதில்லை. வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி எண் 0.63. உலக வங்கியின் பட்டியலில் உச்சியில் இருக்கிறோம்.

சாட்ஸ்வொர்த் டீச்சர் | சனி, 6.20

கணக்குப்பிள்ளை அண்ணா, நெடுஞ்சாலை உவமையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன், ஒரு பெண் உடனே “அப்போ நம்ம ஹிகின்சன் நெடுஞ்சாலையில் யார் இருக்கா?” என்றாள். இங்கே எல்லாம் வீட்டுக்கு எட்டும் தூரத்தில்தான் புரியும்.

வேலையின்மையில் ஒரு சந்தேகம். பத்திரிகையில் ஓரிடத்தில் 33.5, இன்னோரிடத்தில் 42.6. எது சரி?

மிட்ராண்ட் கணக்குப்பிள்ளை | சனி, 6.45

இரண்டும். வேலை இல்லை, தேடுகிறார், கிடைத்தால் போகத் தயார்: இவர் 33.5இல் வருவார். தேடித் தேடிச் சலித்து நிறுத்திவிட்டவர் அந்தக் கணக்கில் ‘வேலையில்லாதவர்’ ஆகமாட்டார். அவரையும் சேர்த்தால் 42.6. நம்பிக்கை போனால் புள்ளிவிவரத்தில் ஆள் குறைந்துவிடுகிறார். 15 முதல் 24 வயதுக்குள் மட்டும் பார்த்தால் 60 சதவீதத்துக்கும் மேல்.

பன்னிச்சாவ் பிரியன் | சனி, இரவு 8.10

என் மச்சான் அந்த 9 சதவீத இடைவெளியில்தான் நான்கு வருஷமாக இருக்கிறான். தூணி சீட்டாட்டத்தில் மட்டும் முழுநேர வேலை.

லெனேசியா அக்கா | ஞாயிறு, 18 ஆகஸ்ட், காலை 9.25

ஆயுட்கால எண் போடவில்லையே டீச்சர்? நான் நர்ஸ். என் கண்ணெதிரில் மாறிய எண் அது.

2004இல்தான் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன் என் வார்டில் இருபத்தைந்து, முப்பது வயதுப் பிள்ளைகள் வரிசையாக. தாய்மார்கள் பேரக் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மகளைப் பார்க்க வருவார்கள். அந்தக் காலத்தில் இந்த நாட்டின் சராசரி ஆயுள் ஐம்பதுகளின் தொடக்கத்துக்கு விழுந்தது. இப்போது 2024 மதிப்பீட்டில் 66.5. ஆணுக்கு 63.6, பெண்ணுக்கு 69.2. இருபது வருஷத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயது கூடியிருக்கிறது. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் இன்னும் ஏறக்குறைய 8 மில்லியன். ‘எட்டு மில்லியனா!’ என்று வெளிநாட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். அந்த எண் பெரிதாக இருப்பதற்கு ஒரு காரணம் அவர்கள் சாகாமல் இருப்பது. மருந்து இல்லாவிட்டால் எண் சின்னதாகியிருக்கும், எப்படி என்று சொல்லவேண்டியதில்லை.

அட்டையில் ஓரமாக ஒரு சின்னக் கோடு வரையுங்கள், கீழே போய் மேலே ஏறுகிற மாதிரி. எண்ணைவிட அந்தக் கோடு பேசும்.

சாட்ஸ்வொர்த் டீச்சர் | ஞாயிறு, 10.05

கட்டாயம் வரைகிறோம் அக்கா.

கேப்டவுன் மச்சான் | ஞாயிறு, 11.30

அரசு எண்ட பகுதிக்கு என்ன போடுறியள்? போன தேர்தல்தான் எல்லாத்தையும் மாத்திப் போட்டுது.

சாட்ஸ்வொர்த் டீச்சர் | ஞாயிறு, மாலை 4.15

தேசிய சட்டமன்றம் 400 இடம். மாகாணங்களின் அவை 90 இடம். நகராட்சிகள் 257, அவற்றில் பெருநகரங்கள் 8. மே 29 தேர்தலில் கட்சிகள் பிடித்த இடங்கள்: ஏ.என்.சி. 159, டி.ஏ. 87, எம்.கே. 58, இ.எஃப்.எஃப். 39. 1994க்குப் பிறகு முதல்முறையாக ஏ.என்.சி. பாதிக்குக் கீழே இறங்கியது, 40.2%. பிறகு பல கட்சிகள் சேர்ந்த தேசிய ஒற்றுமை அரசு. ஜனாதிபதியை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கிறது, ரமபோசாவுக்கு 283 வாக்கு. இவ்வளவுதான். கட்சி நிறங்களைப் பூச வேண்டாம் என்று பெற்றோர் சங்கம் சொல்லிவிட்டது.

மாரிட்ஸ்பர்க் தாத்தா | ஞாயிறு, 5.40

அரசுப் பகுதியில் பழைய கணக்கும் ஒரு வரி வரட்டும் அம்மா. 1984இல் மூன்று அவை வைத்த நாடாளுமன்றம் வந்தது. வெள்ளையருக்கு 178 இடம், கலப்பினத்தவருக்கு 85, நமக்கு 45. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பினத்தவருக்குச் சுழி. நாங்கள் பலர் ஓட்டுப் போடப் போகவில்லை. நான் அப்போது இளைஞன், வீடு வீடாகப் போய்ப் போகாதீர்கள் என்று சொன்னவர்களில் ஒருவன்.

மக்கள் தொகைக்கும் அப்படித்தான். 1991 கணக்கெடுப்பில், கறுப்பினத்தவருக்கென்று இனவெறி அரசு பிரித்து வைத்த டிரான்ஸ்கை, போபுதாட்ஸ்வானா, வெண்டா, சிஸ்கை நான்கையும் விட்டுவிட்டார்கள். அவை வெளிநாடாம். உலகத்தில் வேறு எந்த நாடும் அவற்றை நாடு என்று ஒப்புக்கொள்ளவில்லை. மில்லியன் கணக்கில் ஆட்களைக் கோடு கிழித்து வெளியே தள்ளிவிட்டு எண்ணினால் எண் எப்படி வரும்? எல்லோரையும் ஒரே நாட்டின் மக்களாக எண்ணியது 1996இல்தான். 40.6 மில்லியன். ஆகையால் 1991ஐயும் 1996ஐயும் பக்கத்தில் வைத்து ஐந்து வருஷத்தில் இவ்வளவு வளர்ச்சியா என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சேலம் குமார் | ஞாயிறு, 7.20

தமிழர் எத்தனை பேர்ங்கற கேள்விக்கு யாருமே பதில் சொல்லலையே?

பன்னிச்சாவ் பிரியன் | ஞாயிறு, 7.31

தீபாவளி என்றைக்கு என்பதற்கே இங்கே இரண்டு பதில் தம்பி. தமிழ் வீட்டில் ஒரு நாள், ஹிந்தி வீட்டில் ஒரு நாள். நீங்கள் தலையை எண்ணச் சொல்கிறீர்கள்.

மிட்ராண்ட் கணக்குப்பிள்ளை | ஞாயிறு, 8.50

எண்ண முடியாது என்பதுதான் நேர்மையான பதில். மூன்று வழியில் முயற்சி செய்யலாம், மூன்றும் முட்டுச்சந்து.

இனம் என்று போனால் ‘இந்தியர்/ஆசியர்’ என்று ஒரே கட்டம். குஜராத்தி, தெலுங்கு, போன வருஷம் வந்திறங்கிய பாகிஸ்தானியர், சீனக் கடைக்காரர் எல்லோரும் அதற்குள். மதம் என்று போனால் இந்து 1.1%, அதில் தமிழர் எத்தனை என்று பிரிவு இல்லை. 2011இல் மதத்தைக் கேட்கவே இல்லை. தவிர, தமிழ்க் குடும்பங்களில் கிறிஸ்தவர்கள் எவ்வளவு பேர் என்று சாட்ஸ்வொர்த்தில் ஞாயிறு காலை ஒரு சுற்று வந்தாலே தெரியும், அவர்கள் வேறு வரிசையில் போய்விட்டார்கள். இன்னொரு வேடிக்கை: இங்கே ‘நீங்கள் என்ன மதம்?’ என்றால் ‘தமிழ்’ என்று சொல்பவர்கள் உண்டு. நான் மதுரைக்காரன், முதல்முறை கேட்டபோது திகைத்தே போனேன். மொழி என்று போனாலோ...

மாரிட்ஸ்பர்க் தாத்தா | ஞாயிறு, 9.30

மொழியை நான் சொல்கிறேன். 1951 கணக்கெடுப்பில் வீட்டு மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஒரு லட்சத்து இருபதாயிரம் அளவு. 1991இல் சில ஆயிரம் பேர். ஆட்கள் செத்துப்போகவில்லை, பெருகியிருந்தார்கள். மொழிதான் போனது. என் ஆயா கரும்புத் தோட்டத்துப் பாராக்கில் தமிழிலேயே சண்டை போடுவாள். என் அம்மா தமிழில் பேசி ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டாள். டர்பனின் கேட்டோ மேனரில் இருந்த எங்களை, இனத்துக்கொரு குடியிருப்பு என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டிப் பெயர்த்து எடுத்துப் புது ஊரில் கொட்டியபோது அக்கம்பக்கம் மாறிப்போனது, பள்ளியும் மாறிப்போனது, வீட்டில் ஆங்கிலம் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்று வெளியாகும் அட்டவணையில் தமிழ் ‘பிற மொழிகள்’ என்ற வரிக்குள் கிடக்கிறது. முதல் வரியில் இசிஜூலு, 24.4%.

ஆனால் ஒன்று. அரசியல் சாசனம் 6ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். மதித்துப் பேணப்பட வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழ் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. சாசனத்தில் பெயர் உண்டு, கணக்கெடுப்பில் எண் இல்லை.

கேப்டவுன் மச்சான் | ஞாயிறு, 9.44

ஐயா, கடைசி வரியை அப்பிடியே அட்டையில போடச் சொல்லுங்கோ.

லெனேசியா அக்கா | ஞாயிறு, 10.02

என் மகள் இனக் கட்டத்தையே நிரப்பமாட்டேன் என்கிறாள். ஆட்களை இனவாரியாகப் பதிந்த 1950 சட்டம் போட்ட கட்டம், 1991இல் சட்டம் செத்தது, கட்டம் மட்டும் ஏன் உயிரோடு இருக்கிறது என்று கேட்கிறாள். யாருக்கு அநியாயம் நடந்தது என்று அளக்க அந்தக் கட்டம் வேண்டும் என்பேன் நான். சாப்பாட்டு மேசையில் இது மாதத்துக்கு ஒருமுறை வரும்.

மாரிட்ஸ்பர்க் தாத்தா | திங்கள், 19 ஆகஸ்ட், காலை 6.50

இரவு தூக்கம் வரவில்லை. டீச்சரம்மா, உங்கள் வெற்றுக் கோட்டுக்கு என்னிடம் ஒரு எண் இருக்கிறது, இன்றைய எண் இல்லை. 1860 நவம்பர் 16இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அதில் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184. பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. ஒரு ஆளையும் விடவில்லை. வெள்ளைக்காரன் கூலிக் கணக்குப் பார்க்க எண்ணினான், அதனால் தப்பாமல் எண்ணினான். என் பாட்டனார் பக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. ‘இடது முழங்காலில் தழும்பு’ என்று இருக்கிறது. வேண்டுமென்றால் கொண்டுவருகிறேன்.

சாட்ஸ்வொர்த் டீச்சர் | திங்கள், 7.35

கொண்டுவாருங்கள் தாத்தா, கண்ணாடிச் சட்டத்தில் போட்டு அட்டைக்குப் பக்கத்தில் மாட்டுவோம்.

மிட்ராண்ட் கணக்குப்பிள்ளை | திங்கள், மதியம் 1.10

பொருளாதாரப் பகுதியில் இரண்டு திருத்தம் மட்டும். ‘முக்கியத் தொழில் தங்கச் சுரங்கம்’ என்பதை எடுத்துவிடுங்கள். 1970இல் ஆயிரம் டன் தங்கம் எடுத்த நாடு, இப்போது அதில் பத்தில் ஒரு பங்கு வந்தால் பெரிது. எல்லாச் சுரங்கமும் சேர்ந்தே மொத்த உற்பத்தியில் 6% அளவு. நிதி, காப்பீடு, சொத்து, வணிகச் சேவை இவைதான் ஏறக்குறைய கால் பங்கு. கனிமம் என்றால் பிளாட்டினத்தைப் போடுங்கள், உலகச் சுரங்க உற்பத்தியில் 70% அளவு இங்கிருந்து போகிறது.

அடுத்தது மின்சாரம். ‘மின்வெட்டு உண்டு’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள், இந்த 2024 மார்ச் 26க்குப் பிறகு இதுவரை வெட்டு இல்லை. ஆனால் பென்சிலால் அடியுங்கள்.

பன்னிச்சாவ் பிரியன் | திங்கள், 1.22

வாட் வரி 15% என்று போடுகிறீர்கள் அல்லவா? பக்கத்தில் அரிசி, பருப்பு, முட்டை, பழுப்பு ரொட்டி, சோள மாவு, பால் இவற்றுக்கு வரி இல்லை என்றும் போடுங்கள். ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றும் பன்னிச்சாவுக்கு வெள்ளை ரொட்டிதான் வேண்டும், அதற்கு வரி உண்டு. இதைப் பற்றி நான் தனி இழையே தொடங்கலாம்.

சாட்ஸ்வொர்த் டீச்சர் | சனி, 24 ஆகஸ்ட், மதியம் 12.50

அட்டையின் இறுதி வடிவம். மில்லியன் என்றே வைத்தோம், கீழே சின்ன எழுத்தில் ‘10 லட்சம் = 1 மில்லியன்’. மக்கள் தொகை வரி இப்படி: ‘62 மில்லியன் (எண்ணியது ஏறக்குறைய 43, மதிப்பிட்டுச் சேர்த்தது ஏறக்குறைய 19)’. பிள்ளைகள் 43க்குக் கறுப்பு மையும் 19க்குச் சாம்பல் நிறமும் பூசிவிட்டார்கள், நான் சொல்லவில்லை. வேலையின்மைக்கு இரண்டு எண். ஆயுளுக்குக் கோடு. தமிழர் வரி வெற்றுக் கோடாகவே இருக்கிறது, அதன் கீழே 342, 1,52,184 இரண்டும் ஆண்டுகளோடு. மாகாணங்களில் கௌடெங் 15.1 மில்லியன், நமது குவாசூலு-நட்டால் 12.4, பரப்பில் பெரிய வடக்கு கேப் 13.6. செவ்வாய்க்கிழமை அச்சுக் கடைக்குப் போகிறது. யாராவது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேப்டவுன் மச்சான் | சனி, 1.15

டீச்சர், வடக்கு கேப்பில 13.6 மில்லியன் சனமோ? அங்க நான் நாள் முழுக்கக் கார் ஓட்டி ரெண்டு ஆட்டுக்குட்டியத்தான் கண்டனான்.

சாட்ஸ்வொர்த் டீச்சர் | சனி, 1.19

ஐயோ. 13.6 லட்சம். மில்லியனில் 1.36. திருத்திவிட்டேன்.